தோசைக்கு இரண்டு, இட்லிக்கு ஒன்று

அக்கா கைப்பேசியில் அனுப்பியிருந்த படத்தில் இரண்டு சீட்டுகள் இருந்தன. கடை ரசீது அகலத்தில், ஓரம் சுருண்ட தாள்கள். இரண்டிலும் ஒரே வரி: "இட்லி – 60". அச்சான நேரமும் வினாடி பிசகாமல் ஒன்றே. படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "தம்பி, அறுபதா, நூற்றிருபதா?"

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் அக்காவைப் போல் சமையல் தொழில் செய்பவர்களுக்கு அது தூங்க நேரமில்லாத காலம். அந்த நேரத்தில் ஒரு சமையலறையைக் குழப்பிவிட்ட பெருமை என்னுடையது.

நான் வேலை செய்யும் சின்ன நிறுவனம், படிவம் உருவாக்கித் திருத்தும் மென்பொருள் ஒன்றைத் தயாரிக்கிறது. வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய படிவத்தைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பட்டியல், கீழே ஒரு கூட்டுத்தொகை. பெட்டியில் ஏதாவது மாறினால் மென்பொருள் "இது மாறியது" என்று அறிவிக்கும். அந்த அறிவிப்புக்காகப் பலர் காது கொடுத்துக் காத்திருப்பார்கள். பக்கத்து முன்தோற்றம் தன்னைத் திருத்திக்கொள்ளும். தலைப்பில் "சேமிக்கவில்லை" என்ற நட்சத்திரக் குறி முளைக்கும். வரலாற்றுப் பட்டியலில் ஒரு வரி சேரும். அதே படிவத்தைத் திறந்து வைத்திருக்கும் மற்றவர்களின் திரையிலும் எண் மாறும். வாடிக்கையாளர்களில் அக்காவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று செய்து கொடுத்திருந்தோம்: சமையலறையில் இருக்கும் பிரிண்டர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சீட்டு அச்சடிக்கும்.

அந்தப் பிரிண்டர் வரும்வரை எங்களிடம் இப்படியொரு பிழை இருப்பதே தெரியாது. இத்தனைக்கும் அது பல மாதங்களாக இருந்திருக்கிறது. முன்தோற்றத்திடம் "இட்லி 60" என்று ஒரு தடவை சொன்னாலும் ஒன்பது தடவை சொன்னாலும் அது காட்டப்போவது அறுபதைத்தான். நட்சத்திரக் குறி ஏற்கெனவே இருந்தால் இன்னொன்று முளைக்காது. வரலாற்றுப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. திரை எத்தனை தடவை சொன்னாலும் கேட்டுக்கொள்ளும். தாள் அப்படியில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்சியத்தை விட்டுச் செல்லும்.

நான் முதலில் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது. அறிவிப்பு வந்ததும் உடனே அச்சடிக்காமல் இரண்டு வினாடி காத்திருந்து, அதற்குள் வந்தவற்றில் கடைசியானதை மட்டும் அனுப்பும்படி நான்கு வரி எழுதினேன். சீட்டு ஒன்றாகிவிட்டது. அக்கா கும்பிடு போடும் பொம்மைப் படம் அனுப்பினார். நானும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிறந்தநாள் விருந்துக்கு வடை குறைந்துபோனது. அக்கா வடையை 40-லிருந்து 100 ஆக்கியிருக்கிறார். அடுத்த பெட்டிக்குத் தாவி இட்லியையும் மாற்றியிருக்கிறார். பல வருடம் கல்லாவில் எண் தட்டிய விரல்கள். இரண்டுக்கும் இடையே ஒன்றரை வினாடிகூட ஆகியிருக்காது. என் நான்கு வரிகள் படிவம் முழுவதற்கும் ஒரே கடிகாரத்தை வைத்திருந்தன. கடைசியாக வந்தது இட்லி; வடை காற்றோடு போயிற்று. பக்கத்துக் கடைகளில் ஆள் அனுப்பி வடை வாங்கி ஒப்பேற்றினாராம். திட்டவே இல்லை. "பரவாயில்லை தம்பி, முன்பாவது இரண்டு தடவை வந்தது" என்றார். திட்டியிருந்தால் இரவு தூங்கியிருப்பேன்.

அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தோ பாயோவில் பிறந்து வளர்ந்தவர். நான் பள்ளிக்கூடம் போகும்போதே ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். காப்பிக் கடையில் உட்கார்ந்து என் நான்கு வரிகளைப் பார்த்தார். வழக்கமான கோப்பி ஓ கோசோங்கை, அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியை, ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "இரண்டு பேர் பேசினார்களா, ஒருவரே இரண்டு தடவை பேசினாரா, எதிரொலியா? இதைக் கேட்காமல் காதில் பஞ்சு வைத்தால் எப்படி?"

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

முதலில் பஞ்சை எடுத்தோம். ஒவ்வொரு அறிவிப்பும் புறப்படும் இடத்தில், எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தோம் என்ற அழைப்புத் தடத்தை எழுதிவைக்கச் சொன்னோம். அக்காவைப் போலவே, 40 என்றிருந்த இட்லிக்கு 60 தட்டி எண்டர் அடித்தேன். இரண்டு தடங்கள் விழுந்தன. ஒன்று எண்டர் விசையிலிருந்து வந்தது. மற்றொன்று, பெட்டி கவனத்தை இழந்ததிலிருந்து வந்தது. பெட்டியை விட்டு வெளியேறினால் மதிப்பை உறுதி செய் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண்டர் அடித்தாலும் உறுதி செய் என்று பிறகு இன்னொருவர் சேர்த்திருக்கிறார். இரண்டும் நியாயமானவையே. ஆனால் எண்டர் அடித்ததும் அடுத்த பெட்டிக்குத் தாவும் வசதியும் இருந்தது. தாவினால் முதல் பெட்டி கவனத்தை இழக்கும். இழந்தால் மறுபடியும் உறுதி செய்யும்.

"பழைய மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துத்தானே அறிவிக்கிறோம்? இரண்டாவது தடவை சமம் என்று தெரிந்திருக்க வேண்டுமே" என்றேன். அண்ணன் திரையில் இரண்டு வரிகளைத் தொட்டுக் காட்டினார். மேலே "அறிவி". அதற்குக் கீழே "பழைய மதிப்பு = புதிய மதிப்பு". அறிவிப்பு நடக்கும்போதே அதைக் கேட்டவர்களில் ஒருவர் கவனத்தை அடுத்த பெட்டிக்குத் தள்ளுகிறார். அந்தத் தள்ளல் நம் நிரலுக்குள்ளேயே திரும்பி வந்து ஒப்பிடுகிறது. கீழ்வரி இன்னும் ஓடவில்லை. ஆக, பழைய மதிப்பு இன்னும் 40-தான். 40-ம் 60-ம் வேறு, அறிவி! பதிவேட்டில் எழுதிவிட்டுத் தண்டோரா போடாமல், தண்டோரா போட்டுவிட்டுப் பதிவேட்டைத் தேடியிருக்கிறோம். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினோம். எண்டர், கவன இழப்பு இரண்டையும் ஒரே வாசல் வழியாக வரச் செய்தோம். அவ்வளவுதான் திருத்தம். கண்டுபிடிக்க ஒரு முற்பகல், திருத்த அரை நிமிடம்.

அப்படியே இன்னொன்றும் சிக்கியது. படிவத்தை மூடித் திறக்கும்போதெல்லாம் அறிவிப்புகளின் எண்ணிக்கை ஒன்று கூடியது. இது வேறு வகை. திறக்கும்போது காதை மாட்டுகிறோம், மூடும்போது கழற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உலாவியில் ஒரே செயற்கூற்றை, அதாவது அறிவிப்பு வந்தால் ஓட வேண்டிய நிரல் துண்டை, இரண்டு தடவை மாட்டினாலும் அது ஒன்றாகவே எண்ணும். ஆனால் நாங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டிய செயற்கூற்றைக் கொடுத்தோம். கழற்றும்போது இன்னொரு புதியதைக் கொடுத்தோம். மாட்டியது வேறு, கழற்றச் சொன்னது வேறு. அது எதையும் கழற்றவில்லை, புகாரும் சொல்லவில்லை. எண்ணிக்கை நாள் போகப்போக ஏறுகிறது என்றாலே கழற்றாத காதுதான் என்று இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இரட்டையாக வருவதெல்லாம் இரட்டை அல்ல என்பதையும் அன்று அண்ணன் வலியுறுத்தினார். அவருடைய ஜாவா நாட்களில் ஸ்விங் என்ற திரைக் கருவித்தொகுப்பு இருந்தது. அதன் இறங்குபட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு நிகழ்வுகள் வரும். புதியவர்கள் பலர் அதைப் பிழை என்று நினைத்து ஒன்றைக் கண்மூடித்தனமாகத் தூக்கிப் போடுவார்களாம். ஆனால் ஒன்று "பழையது விடுபட்டது", மற்றொன்று "புதியது தேர்வாயிற்று". எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒரே எச்சரிக்கையை நான்கு மொழிகளில் கேட்கிறோம். தமிழில் வந்ததை மட்டும் யாராவது மிகை என்று நிறுத்தினால் சும்மா இருப்போமா?

மாறாததை மாறியது என்று அறிவிக்காமலிருக்க ஜாவாவே 1990களின் பிற்பாதியில் ஒரு நல்ல வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தது. ஒரு பண்பு மாறியதை அறிவிக்கும் அதன் பொதுச் செயற்கூறு, பழையதும் புதியதும் சமமாக இருந்தால் வாயைத் திறக்காது. ஒரு விதிவிலக்கு: இரண்டுமே வெற்றாக இருந்தால் அறிவித்துவிடும். எது மாறியது என்று தெரியாதவர்கள் "ஏதோ மாறியது" என்று சொல்வதற்காக விட்டுவைத்த ஓட்டை அது. சமம் என்றால் என்ன என்று யோசிக்காதவர்களை அந்த ஓட்டை நன்றாகவே கடிக்கும். எங்களுக்கும் வேறோர் ஓட்டையிலிருந்து ஒரு கடி விழுந்தது. அளவுப் பெட்டி காலியாக இருந்தால் எங்கள் நிரல் அதை "எண் அல்லாதது" என்ற மதிப்பாக மாற்றிவிடும். கணினியின் தசமக் கணக்கு விதிப்படி எண் அல்லாதது தனக்கே சமமாகாது. காலிப் பெட்டியைத் தொட்டுவிட்டு வந்தாலே "மாறியது" என்று கத்திக்கொண்டிருந்தது. அதையும் அடைத்தோம்.

எல்லாம் சரி என்று புதிய பதிப்பை அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துக் காலையில் அக்காவிடமிருந்து அழைப்பு.

"தம்பி, இட்லிக்கு ஒன்றுதான் வருகிறது. தோசைக்கு இரண்டு வருகிறது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையில் கணக்கு வைத்திருந்தார். வடை ஒன்று. சாம்பார் ஒன்று. கேசரி ஒன்று. மீன் ஒன்று. கோழி இரண்டு. கொத்துப் பரோட்டா இரண்டு. மோர் இரண்டு. போண்டா இரண்டு. இரண்டாவது சீட்டு ஒரு வினாடி தள்ளி வருகிறதாம். "ஒரு தடவை இரண்டு வந்த பிறகு அதே தோசையை மறுபடி மாற்றினால் ஒன்றுதான் வருகிறது. மறுநாள் காலையில் மறுபடி இரண்டு."

எங்கள் அலுவலகத்தில் சோதனைக்கென்றே ஒருவர் இருக்கிறார். அவரும் இவ்வளவு துல்லியமாக ஒரு பிழையை எழுதிக் கொடுத்ததில்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. என் கணினியில் "தோசை" என்று தட்டி 60 போட்டேன். ஒன்றுதான் வந்தது. கோழி, ஒன்று. மோர், ஒன்று. அக்காவின் பிரிண்டரைச் சந்தேகித்தேன், அவருடைய இணைய இணைப்பைச் சந்தேகித்தேன். என் விசைப்பலகையை மட்டும் சந்தேகிக்கவில்லை.

மாலையில் அக்காவின் சமையலறை இருக்கும் டேக்கா பக்கம் போய் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் தோசை என்று தட்டவே இல்லை. ஒரு பழைய கோப்பைத் திறந்தார். எல்லா உணவுகளின் பெயர்களும் அதில் இருந்தன. அன்றைக்கு வேண்டியதை நகலெடுத்துப் படிவத்தில் ஒட்டினார். பிறகு அளவை மட்டும் தட்டினார். அளவு தட்டாதவரை அந்த வரிசை சர்வருக்குப் போகாது. கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். கணவர் கடை வைத்திருந்த காலத்திலிருந்து இருக்கிறதாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொது எண் தரும் யூனிகோடு வருவதற்கு முன் ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டியது. பிறகு மகன் ஒரு மாற்றியைக் கொண்டு இந்தக் காலத்துத் தமிழாக மாற்றிக் கொடுத்தானாம்.

கோப்பை நகலெடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். சாப்பிடும் முன்பே "தோ" என்ற எழுத்தின் எண்களை அச்சடித்துப் பார்த்தேன். நான் தட்டிய தோ: 2980, 3019. இரண்டு எண்கள். அக்கா கோப்பின் தோ: 2980, 3015, 3006. மூன்று எண்கள். திரையில் இரண்டும் ஒரே தோ. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது.

ஓகாரக் குறியை யூனிகோடு இரண்டு விதமாக எழுத விடுகிறது. முழுக் குறிக்கு ஓர் எண் உண்டு. இடப்பக்க இரட்டைக் கொம்பையும் வலப்பக்கக் காலையும் தனித்தனியே அடுத்தடுத்து வைத்தாலும் அதே எழுத்துதான். இரண்டும் சமமானவை என்று யூனிகோடே அறிவித்திருக்கிறது. ஒகரக் குறியும் அப்படித்தான்: 3018 ஒன்று, அல்லது 3014-ம் 3006-ம் சேர்ந்து. ஔகாரக் குறிக்கும் இதே கதை. கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்கும் குறிகளுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல். கேசரியின் கேயில் ஒரு பக்கம் மட்டுமே கொம்பு. சாம்பாரின் சாவில் கால் மட்டுமே. வடையின் டையில் முன்னால் நிற்பது ஒரே குறி. அவை தப்பித்தன. அக்காவின் கணக்கில் ஒரு பிழைகூட இல்லை.

மிச்சம் தானாக அவிழ்ந்தது. எங்கள் சர்வர், வாங்கும் எழுத்தையெல்லாம் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கித்தான் சேமிக்கும். மூன்று எண்ணாகப் போன தோசை இரண்டு எண்ணாகத் திரும்பி வந்தது. படிவம் தன்னிடம் இருந்ததோடு எண் எண்ணாக ஒப்பிட்டது. வேறு! "மாறியது" என்று மறுபடி அறிவித்தது. போய்வர ஒரு வினாடி. இப்போது படிவத்திடமும் இரண்டு எண் வடிவமே இருப்பதால் அடுத்த தடவை அமைதி. மறுநாள் காலை அக்கா பழைய கோப்பிலிருந்து மறுபடி ஒட்டுவார். எனக்கு ஏன் வரவே இல்லை? என் விசைப்பலகை எப்போதும் முழுக் குறியையே தருகிறது.

1990களில் தமிழைக் கணினியில் எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் எண் வரிசை. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறந்தால் குப்பையாகத் தெரியும். அந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்க 1997-ல் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது இதே சிங்கப்பூரில்தான். அதற்கு முன்நின்று உழைத்த நா. கோவிந்தசாமி, கணியன் என்ற பெயரில் தமிழை இணையத்தில் ஏற்றியவர்; 1999-ல் மறைந்தார். அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் கொம்பை முதலில் தட்ட வேண்டும், பிறகு மெய், பிறகு கால். கையால் எழுதும் வரிசை அது. அக்காவின் மகன் பயன்படுத்திய மாற்றி கொம்பை மெய்யெழுத்துக்குப் பின்னால் நகர்த்தியதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கவில்லை. தப்பென்று சொல்ல முடியாது. அப்படி எழுதினாலும் செல்லும்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் காப்பிக் கடைக்காரரைக் காட்டினார். நாம் "தே தாரிக்" என்றால் அவர் உள்ளே பார்த்து "தே தாரிக்!" என்று கத்துவார். உள்ளே இருப்பவரும் அதையே திருப்பிக் கத்துவார். மூன்று குரல், கோப்பை ஒன்று. "சர்வர் திருப்பிச் சொன்னது உள்ளே இருப்பவர் குரல். நம் படிவம் அதைப் புது வாடிக்கையாளர் என்று எண்ணிவிட்டது" என்றார்.

எனவே திருத்தம் இரண்டு இடத்தில் வந்தது. சர்வரிலிருந்து வரும் மதிப்பைப் படிவத்தில் எழுதும்போது திரையைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் அறிவிக்கக் கூடாது. அறிவிப்பு என்பது மனிதர் செய்த மாற்றத்துக்கு மட்டுமே. இரண்டாவது, ஒட்டினாலும் தட்டினாலும் எழுத்து உள்ளே நுழையும் வாசலிலேயே இயல்பாக்கிவிட வேண்டும். ஒப்பிடும் இடத்தில் மட்டும் செய்தால் போதாதா என்று கேட்டேன். ஒப்பிடும் இடங்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னார். பதினொன்று வரை எண்ணி நிறுத்தினேன்.

இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஸ்ரீ என்று தொடங்கும் வாடிக்கையாளர் பெயர்கள் சில அக்காவிடம் உண்டு. வடமொழி ஸகரத்தால் எழுதினால் முதல் எண் 3000. யூனிகோட்டில் 2005-ல் சேர்ந்த ஶகரத்தால் எழுதினால் 2998. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். ஆனால் இவை இரண்டும் வேறு எழுத்துகள் என்றே யூனிகோடு வைத்திருக்கிறது. இயல்பாக்கம் அவற்றைத் தொடாது. நாங்களும் தொடவில்லை. ஒருவர் பெயரை அவர் எழுதியபடியே விடுவதுதான் மரியாதை என்று அண்ணன் சொன்னார். எனக்கு அது சோம்பலுக்கு நல்ல சாக்காகவும் பட்டது.

புதிய பதிப்பு போன அன்று காலை நானே டேக்காவுக்குப் போனேன். அக்கா பழைய கோப்பைத் திறந்து தோசையை ஒட்டி 80 தட்டினார். பிரிண்டர் ஒரு சீட்டைத் துப்பியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வினாடி, இரண்டு, ஐந்து. வேறெதுவும் வரவில்லை. கொத்துப் பரோட்டா, கோழி, மோர் எல்லாம் ஒவ்வொன்றுதான்.

உள்ளேயிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, இன்னொன்று எங்கே?"

இந்த மூன்று வாரத்தில் அவர்கள் பழகிவிட்டிருந்தார்கள். ஒரு சீட்டு அடுப்புக்கு மேலே சுவரில். இன்னொன்று பொட்டலம் கட்டுபவரின் மேசையில். இட்லிக்கு ஒரு சீட்டே வரத் தொடங்கியதும் பொட்டலம் கட்டுபவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாராம்.

அங்கேயே நின்று பிரிண்டரின் அமைப்பைத் திறந்து, நகல் என்ற இடத்தில் 2 என்று போட்டுவிட்டு வந்தேன்.